அலமாரியில் ஓடிய வண்டி

சங்ககிரியில் லாரிக்காரர்கள் குடியிருக்கிற தெருக்கள் எத்தனையோ உண்டு, ஆனால் வசந்தாமணி வாழ்க்கைப்பட்டு வந்த தெருவில் ஆம்பளைகளை ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் ஆயுத பூசையன்றைக்குத்தான் போக வேண்டும். மற்ற நாளில் ஒருத்தர் இந்தூரில் இருப்பார், ஒருத்தர் கௌஹாத்தியில் இருப்பார், ஒருத்தர் எங்கே இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது, இங்கே பொம்பளைகளே ஃபியூஸ் போட்டு, பொம்பளைகளே பாம்பு அடித்து, போனிலேயே புருஷனோடு சண்டை பிடித்து, போனிலேயே சமாதானமும் ஆகிக்கொள்வார்கள். வசந்தாமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன், 'ஓங்காளியம்மன் துணை' என்று முன்னும் பின்னும் எழுதிய பத்துச் சக்கர வண்டியை ஓட்டினார். மாதத்தில் ஏதோ இரண்டு மூன்று நாள் வருவார், வந்ததும் குளிப்பார், தின்பார், அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார், அவர் குறட்டைக்கு இவள் காது பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை, அதைப் பற்றி ஊர் பேசவேண்டியதையெல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டது.

அவளுக்கு வேலை பைபாஸ் ரோட்டோரத்தில் ஒரு ஸ்டிக்கர் கடையில். லாரிகளுக்குப் பேர் வெட்டுவது, நம்பர் வெட்டுவது, பின்னால் ஒட்டுகிற கழுகையும் கண்ணையும் ரேடியம் தாளில் பிளேடால் அறுத்தெடுப்பது. போர்டு செய்தது போக மிஞ்சுகிற சன்போர்டு என்கிற கெட்டி நுரையட்டைத் துண்டுகளைக் கடைக்காரர் குப்பையில் போடுவார். இவள் அதைப் பொறுக்கி வந்து ஒருநாள் பொழுதுபோகாமல் ஒரு லாரி செய்தாள். அத்தோடு விட்டதா? பிடித்துக்கொண்டது பித்து. நிஜத்தில் ஓர் அடி என்றால் இதில் அரை அங்குலம், அதில் மயிரிழை பிசகக் கூடாது. ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்து டயர், கிழிந்த குடைத்துணியில் தார்ப்பாய், மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கில் முன்கண்ணாடி, பாவாடையில் வைத்துத் தைக்கிற கண்ணாடிச் சில்லில் சைடு மிரர், நகப்பாலிஷில் பின்விளக்கின் சிவப்பு, தீர்ந்துபோன ரீஃபிளின் நுனியில் ஏர் ஹாரன். அடுத்த வீட்டுப் பாவாயி, அங்கமுத்து டிரைவரின் மனைவி, வாய்க்குப் பஞ்சமில்லாதவள், வாசலில் நின்றபடியே கேட்பாள்: "ஏம்புள்ள, சோறு பொங்குனியா, இல்ல இன்னிக்கும் லாரிதான் பொங்குனியா?"

புதுசாக மினுமினுவென்று செய்து வைத்தால் அது கடைப் பொம்மை, ஓடித் தேய்ந்த வண்டி மாதிரி இருந்தால்தான் அது லாரி என்பது வசந்தாமணியின் கட்சி. அதனால் சென்னியப்பன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு தடவை அவரையே டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, மைதானத்தில் நின்ற வண்டியைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவந்து, பம்பரின் நசுங்கல், மட்கார்டில் போட்ட வெல்டிங் தழும்பு, டீசல் டேங்கின் அடியில் கசிந்து படிந்த கறுப்பு என்று ஒன்று விடாமல் இழைத்து இழைத்துச் செய்தாள். முடித்துவைத்த அன்று சென்னியப்பன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அட, அந்த வெல்டிங்கக்கூட உடலியே புள்ள நீ," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் அசாமுக்கு லோடு ஏற்றிப் போனார்.

அவர் போன அடுத்த வாரம் காலையில் அலமாரியைத் துடைக்கப் போனவள், சின்ன வண்டியின் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள். கூரை ஒழுகவில்லை, வெளியே சுள்ளென்று வெயில். டயர் காடிகளில் சேறு அப்பியிருந்தது. அவள் ஒரு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்துக்கொண்டே போன் போட்டாள்.

"இங்க கண்ணத் தொறக்க முடியல, ஒரே மழை," என்றார் சென்னியப்பன்.

"தெரியுதுங்க மாமா. எடது பக்கம் தார்ப்பாயி ஒழுகுது, இன்னொரு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்க," என்றாள் வசந்தாமணி.

அவரும் இறங்கிப் போய்ப் பார்த்து, ஆமாம் ஒழுகுகிறது என்று கட்டினார். உனக்கெப்படித் தெரியும் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பால் பொங்கி வந்ததால் போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அது அன்றாடமாகிவிட்டது. சிமெண்ட் ஏற்றினால் சின்ன வண்டி அம்மிக்கல் கனம் கனக்கும், இறக்கினால் பழையபடி லேசாகிவிடும். நாசிக்கில் வெங்காயம் ஏற்றினால் வீடே நாறும். ஒரு தடவை வலது பக்கக் கதவில் புதுக் கீறல் விழுந்திருந்தது. ஊர் திரும்பிய பெரிய வண்டியில் அதே இடத்தில் அதே நீளத்துக்குக் கீறல் இருந்தது. பாவாயி இதைப் பார்த்த மறுநிமிஷமே தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருந்தது? "என்ற ஊட்டுக்காரர் வண்டியையும் செஞ்சு குடு வசந்தா," என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். இவளும் பிளேடைக் கீழே வைக்காமல் செய்தாள், வண்டிகள் ஊர் வரும்போதெல்லாம் போய் அளந்தாள், லோடு கனத்தில் மர அலமாரி பிளந்துகொண்டதும் பட்டறையில் சொல்லி இரும்பு ஆங்கிளில் தாங்கு அடித்து வாங்கினாள், முன்னறை முழுக்க லாரியாகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தெருப் பொம்பளைகள் அதில் தேர்ந்த கெட்டிக்காரிகளாகிவிட்டார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் கால் வைக்காதவள்கூட டயரில் இருக்கிற மண்ணைக் கிள்ளி, இது கரிசல், விதர்ப்பா போய்ச் சேர்ந்தாச்சு என்பாள். ஒருத்தி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்குது, குஜராத்துக் கடலோரம் என்பாள். பொழுதோடு வேலை முடித்து வந்து அவரவர் வண்டியைப் பல் விளக்குகிற பிரஷ்ஷால் துடைத்து, லோடு இறங்கிவிட்டதா என்று தூக்கிப் பார்த்து, இறங்கியிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆயுத பூசைக்கு அந்தச் சக்கரங்களின் அடியில் வைக்க எலுமிச்சை பெரிது என்று மணத்தக்காளிப் பழம் பொறுக்கி வந்து வைத்தார்கள். ஆம்பளைகளுக்குத்தான் எரிச்சல். நாக்பூரில் லோடுக்குக் காத்திருப்பதாகச் சொன்ன ஒருத்தரின் வண்டி தர்மபுரிப் பக்கத்துப் பிரியாணி வாசத்தோடு மூன்று நாள் அலமாரியில் நின்றது, அந்த ஆள் வீட்டுக்கு வந்தபோது வாங்கின வசவு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

வண்டிகளுக்குச் சொந்தக்காரரான டிரான்ஸ்போர்ட் முதலாளி ஒருநாள் வெள்ளை வேட்டியோடு வந்து, எவன் எங்கே வண்டியை நிறுத்தித் தூங்குகிறான் என்று தனக்கும் சொல்ல வேண்டும் என்றார்.

"வண்டி உங்களுதுங்க, அதுல போறவிக எங்களவிக," என்றாள் வசந்தாமணி. காப்பி மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் விடிந்ததும் அவள் விளக்குமாறோடு முன்னறைக்குள் போனாள். மற்ற வண்டியெல்லாம் அதனதன் இடத்தில் நிற்க, 'ஓங்காளியம்மன் துணை' மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கேபின் உள்ளே அமுங்கியிருந்தது. மாத்திரை அட்டைக் கண்ணாடி வெடித்துத் தெறித்திருந்தது. அவள் அதை நிமிர்த்தக்கூட இல்லை, கீழே உட்கார்ந்துவிட்டாள். பாவாயி வந்து பார்த்து, பார்த்ததும் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகாராஷ்டிராவுக்குள் ஏதோ ஒரு மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று போன் வந்தது மத்தியானத்துக்கு மேல்தான். ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். எடுத்தார்கள். தாலி இறங்கியது. கருமாதியும் ஆயிற்று, ஒறம்பரை சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

கருமாதிக்கு மறுநாள் காலையில் அவள் அலமாரிப் பக்கம் போனாள். சின்ன வண்டி நிமிர்ந்து நின்றது. கேபின் அமுங்கல் நேராகியிருந்தது, கண்ணாடி முழுசாக இருந்தது, டயரில் மண் இருந்தது, அதுவும் ஈரம் காயாத மண்.

சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? உயிரோடிருந்தபோதும் அவளுக்கு அவர் இவ்வளவுதானே கிடைத்தார், டயர் மண்ணும் தார்ப்பாய் ஈரமுமாக. அது நின்றுபோகவில்லை என்றால் எது நின்றுபோனது? எழுந்ததும் முதல் வேலையாக வண்டியைப் பார்த்தாள், பிரஷ்ஷால் துடைத்தாள், ஸ்டிக்கர் கடைக்குப் போனாள், வந்தாள், மறுபடி பார்த்தாள். தெருப் பொம்பளைகளும் பார்த்தார்கள். "சென்னியப்பண்ணன் இன்னும் ட்ரிப்புலதான் இருக்காப்ல," என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் தலையாட்டினார்கள், அவரவர் வண்டியைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் மண்தான் எந்த ஊர் மண்ணென்று ஒருத்திக்கும் பிடிபடவில்லை. கரிசலுமில்லை, செம்மண்ணுமில்லை. சாம்பல் நிறத்தில் மாவுபோல் மிருதுவாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தவள் ஒரு ருசியும் இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தாள். கனமும் இல்லை. காலி வண்டிக்கு ஒரு கனம் உண்டு இல்லையா, அந்தக் கனம்கூட இல்லாமல், இரண்டு விரலில் தூக்கினால் தூக்கியதே தெரியவில்லை.

அந்த மாசக் கடைசியில் பாவாயியின் வீட்டுக்காரர் அங்கமுத்து ஊருக்கு வந்தார். வந்தவர் குளிக்காமல் கொள்ளாமல் நேரே வசந்தாமணி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, சொன்னாத் தப்பா எடுத்துக்கக்கூடாது. மாப்ள வண்டிய நான் பாத்தேன்."

"உள்ள வந்து உக்காருங்கண்ணா. எங்க பாத்தீங்க?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்ககிரி டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அதற்கு வால் பிடிப்பது என்று பேர். தூர தேசத்தில் கண் சொருகும்போது முன்னால் தமிழ் எழுத்துப் போட்ட ஊர் வண்டி ஒன்று போனால், அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார்கள். முன்னால் போகிறவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்து ஓட்டுவான், பின்னால் வருகிறவன் எங்கே போகிறாய் என்று கேட்கமாட்டான். ஊர் வண்டியை நம்பாமல் வேறு எதை நம்புவது?

"பேரப் பாத்தேன், நம்ம வண்டிடான்னு வாலப் புடிச்சேன்," என்றார் அங்கமுத்து. "செத்தவன் வண்டியாச்சேங்கற நெனப்பே வர்ல பாரு. அவன் திரும்புனாத் திரும்புனேன், அவன் போனாப் போனேன். திடீர்னு பாத்தா ரோட்டக் காணோம். என்ற வண்டி முன்சக்கரம் கல்லுக்குழி விளிம்புல நிக்குது, கீழ பச்சையாத் தண்ணி. அவன் வண்டி குழிக்கு மேல அந்தரத்துல நேராப் போயிட்டிருக்குது. போறவன் சும்மா போறானா? நீ தாராளமா வாடான்னு இண்டிகேட்டர் வேற போட்டுட்டுப் போறான்."

பாவாயி தன் வீட்டுக்காரரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வசந்தாமணியை அவள் பார்க்கவில்லை.

அப்புறம் மற்ற டிரைவர்களும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக இதையே சொன்னார்கள். ஒரு வண்டி வாய்க்காலில் இறங்கி டிரைவருக்குக் கால் முறிந்தது. ஒருத்தர் போன வழி தெரியாமல் காட்டுக்குள் நின்று, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். அலமாரியிலும் அது தெரிந்தது. இன்றைக்கு ஒரு வண்டி டயரில் சாம்பல் மண், நாளைக்கு இன்னொன்றில். தாய் வீட்டுக்கு வருகிற மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்த பொம்பளைகள் இப்போது வாசற்படியோடு நின்றுகொண்டு, "என்ற வண்டில இருக்குதா வசந்தா? சித்தப் பாத்துச் சொல்லு," என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் பாவாயியின் வண்டியிலும் அந்த மண் இருந்தது, வசந்தாமணி சொல்வதற்குள் பாவாயியே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"உன்ற ஊட்டுக்காரரப் பத்தி நானொரு குத்தம் சொல்லமாட்டேன்," என்றாள் பாவாயி. "ஆனா என்ற தாலி அவர் பின்னால போவுதே புள்ள. அதக் கொண்டுபோய்க் காவேரில உட்டுரு."

"மாட்டேனுங்க்கா."

"உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்."

"அத உட்டுட்டா எனக்கு என்னக்கா இருக்குது?" என்று வசந்தாமணி கத்திவிட்டாள். இரண்டு பேருக்கும் புருஷன் கவலைதான். தெருவே கூடி, ஆற்றில் விடுவதா தீயில் போடுவதா என்று பேசியபோது, போனில் அங்கமுத்துதான் தடுத்தார்: "தண்ணில உட்டீங்கன்னா அவன் தண்ணிக்குள்ள போவான், பின்னால வர்றவனும் தண்ணிக்குள்ளதான் போவான். வெளையாட்டுக்குக்கூட அதச் செஞ்சுராதீங்க."

அப்படியானால் ஓடாமல் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று வசந்தாமணிக்குத் தோன்றியது. வண்டி இருக்கட்டும், கண் முன்னால் இருக்கட்டும், ஓட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்துச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சொந்த ஆளின் காலைக் கழற்றுகிற மாதிரி இருந்தது, இருந்தாலும் கழற்றினாள்.

மறுநாள் காலையில் அங்கமுத்துவிடமிருந்து போன். மூச்சு வாங்கியது. "என்னம்மிணி பண்ணித் தொலைச்ச? நட்டநடு ரோட்ல, பனிமூட்டத்துல, லைட்டும் இல்லாம நிக்கறான். பத்தடில வந்துதான் பாத்தேன். ஒடிச்சுத் திருப்பினதுல கிளீனருக்குக் கை போச்சு." லாரிக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? ஓடுகிற வண்டியைவிட ரோட்டில் நிற்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும் என்று கிளீனர் வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அவள் போனைக் காதில் இடுக்கியபடியே, தலையில் அடித்துக்கொண்டு சக்கரங்களைத் தேடித் தேடி மாட்டினாள். "ஒண்ணு கேட்டுக்கோ," என்றார் அங்கமுத்து, கொஞ்சம் ஆறியபின். "கிட்டத்துல பாத்ததுல சொல்றேன். அவன் யாரையும் கூட்டிட்டுப் போகல. ஒவ்வொரு ரோட்டுப் பிரிவுலயும் நின்னு நின்னு, இப்படியா அப்படியான்னு பாக்கறான். அவனுக்கே வழி தெரில அம்மிணி."

போனை வைத்தபிறகு அவள் அங்கேயே நின்றாள். தேசத்து ரோடெல்லாம் உள்ளங்கையில் வைத்திருந்த மனுஷனுக்கு வழி தெரியவில்லையா? எப்படித் தெரியும்? அவரைப் படுக்கவைத்து, முகத்தை மூடி, யாரோ ஓட்டிக்கொண்டுதானே வந்தார்கள். அந்த மலை இறக்கத்திலிருந்து இந்த வாசல் வரைக்கும் அவர் ஓட்டிக்கொண்டு வரவே இல்லையே. வண்டியை மட்டும் அச்சு அசலாகச் செய்து அலமாரியில் ஏற்றிவிட்டாள், அது வந்து நிற்க ஓர் இடம் செய்து வைக்கவில்லை.

அன்றைக்கே டேப்பை எடுத்துத் தன் வீட்டை அளக்க ஆரம்பித்தாள். நிஜத்தில் ஓர் அடிக்கு அரை அங்குலம். முன்னறைத் தரையில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வீட்டைக் கட்டினாள், வீட்டுக்கு முன்னால் தெருவைப் போட்டாள், தெருக்கோடியில் பைபாஸ் பிரிகிற இடத்தையும் வேகத்தடையையும் டீக்கடை பெஞ்சையும் வைத்தாள். சுவரில் மழைநீர் இறங்கிய கறை, ஜன்னல் கம்பியில் உரிந்த பெயிண்ட், தண்ணீர்க் குழாயடியில் பச்சைப் பாசி என்று எதையும் விடவில்லை. ரவிக்கை ஊக்கை வளைத்துக் கீல் செய்து கதவை மாட்டினாள். கதவு திறந்தது, மூடியது. ஸ்டிக்கர் கடைக்காரர் ஒரு கட்டு போர்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். வாசற்படியோடு நின்ற பொம்பளைகள் மெல்ல உள்ளே வந்தார்கள். ஒருத்தி தென்னையோலை ஈர்க்கில் நகமளவு விளக்குமாறு கட்டினாள், ஒருத்தி கொடிக்கயிறு கட்டி அதில் விரல்நீளத் துண்டு காயப்போட்டாள், ஒருத்தி மைதா மாவில் வாசலுக்குக் கோலம் போட்டாள், இரண்டு விரலைக்கூட வைக்க முடியாத அளவு சின்னக் கோலம்.

எல்லாம் முடிந்தது என்று வசந்தாமணி நிமிர்ந்தபோது பாவாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஆளில்லாத ஊட்டுக்கு எந்த ஆம்பள புள்ள வருவான்?"

வசந்தாமணி இத்தனை வண்டி செய்தவள், ஒரு வண்டியிலும் ஆளைச் செய்து உட்காரவைத்ததில்லை. ஆளை வைத்தால் வண்டி பொம்மையாகிவிடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். இப்போது கம்பியை முறுக்கி ஒரு பொம்பளையைச் செய்தாள். பெட்டியைத் திறந்து, இனிமேல் கட்ட முடியாத அரக்குச் சேலையின் முந்தியில் ஒரு துண்டை அறுத்துச் சுற்றினாள். கண்ணும் மூக்கும் அந்த அளவில் வரவில்லை, சும்மா விட்டுவிட்டாள். நகப்பாலிஷில் ஊசிமுனையைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைக்கும்போது மட்டும் பாவாயி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டார்னா இனி வெடியால எந்திரிச்சு நீ பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. தெரியுமில்ல?" என்று பாவாயி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியுங்க்கா."

"செரி."

அவள் கம்பிப் பொம்பளையை வாசல் நிலையில் நிறுத்தினாள். கதவை விரியத் திறந்து வைத்தாள். வண்டியை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை, அவர் வரட்டும், அவர்தான் வர வேண்டும். முன்னறையைச் சாத்திக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்குப் போனாள். அன்றைக்கு அவள் அறுத்த எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் அவளும் பாவாயியுமாகத்தான் கதவைத் திறந்தார்கள். அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்தது. கீழே, சின்ன வீட்டின் முன்னால், இடப்பக்கச் சக்கரமெல்லாம் சாக்கடை ஓரத்தை ஒட்ட, சென்னியப்பன் எப்போதும் நிறுத்துகிற அதே மாதிரி வண்டி நின்றது. வசந்தாமணி குனிந்து அதன் முன்பக்கத்தைத் தொட்டாள், சுட்டது, கையை எடுத்துக்கொண்டாள். டயரில் சாம்பல் மண் உதிர்ந்து, அடியில் நம்மூர் செம்மண் ஒட்டியிருந்தது. வாசலில் கம்பிப் பொம்பளையைக் காணோம். கதவு சாத்தியிருந்தது. படிக்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் இரண்டு ஜோடி செருப்பு, ஒன்று ஆம்பளைச் செருப்பு, ஒன்று பொம்பளைச் செருப்பு, செருப்பு எதையும் அவள் செய்யவே இல்லை.

அவள் தரையோடு படுத்து, கதவுக்கு நேரே முகத்தை வைத்தாள். "மாமா," என்று கூப்பிட்டாள். சுண்டுவிரல் நகத்தால் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது; தாழ்ப்பாளும் அவள் வைத்ததில்லை. காதைச் சுவரோடு ஒட்டிக் கேட்டாள். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. ஆம்பளைக் குரல் ஏதோ சொல்ல, பொம்பளைக் குரல் சிரித்தது, அது அவளுடைய சிரிப்பு, அவளே மறந்துபோயிருந்த சிரிப்பு.

"கூரையத் தூக்கிப் பாரு புள்ள," என்றாள் பாவாயி, கிசுகிசுப்பாக. "ஒட்டலையில்ல? சும்மாதான வெச்ச. தூக்கு. ஒருக்காப் பாத்துக்கோ."

வசந்தாமணி கூரையின் இரண்டு ஓரத்திலும் கைவைத்தாள். லேசாக அசைந்தது. உள்ளிருந்து விளக்கு வெளிச்சம் கோடாக வெளியே வந்து அவள் விரல்மேல் விழுந்தது. பேச்சு சட்டென்று நின்றது, உள்ளே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள் போலிருந்தது. அவள் கூரையை மெல்ல, சத்தம் வராமல், பழையபடி உட்காரவைத்தாள்.

"வேண்டாங்க்கா. மாமா எத்தன நாள் ஓட்டிட்டு வந்திருக்காங்களோ. இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிணம் வந்த அன்றைக்கு அழாத அழுகை, எடுத்த அன்றைக்கு அழாத அழுகை, கருமாதிக்குச் சோறு பரிமாறிக்கொண்டு அழாத அழுகை எல்லாம் ஒன்றாக வந்து அவளைக் கீழே தள்ளியது. மாரிலும் வாயிலும் அடித்துக்கொண்டு, "என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா," என்று அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. போட்டது போட்டபடி தெருவே ஓடிவந்தது. மாவுக் கையோடு ஒருத்தி, ஈரத் தலையோடு ஒருத்தி, வீட்டில் இருந்த ஒன்றிரண்டு ஆம்பளைகளும்கூட.

"என்னாச்சு பாவாயி? யாரு தவறிட்டாங்க?" என்று வாசலிலிருந்தே கேட்டார்கள்.

"சென்னியப்பன்," என்றாள் பாவாயி.

கேட்டவர்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, அவளைச் சுற்றி உட்கார்ந்து, கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள்.